கிணற்றுக் கதை எழுதிய பையனைப் பற்றிப் பயப்பட வேண்டுமா?

சிவப்புமை:

பதினொன்றாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். போன வாரம் சொந்தமாக ஒரு சிறுகதை எழுதி வரச் சொன்னேன். தலைப்பு கொடுக்கவில்லை. கொடுத்தால் எல்லோரும் ஒரே கதையைக் கொண்டுவருவார்கள். கொடுக்காமலேயே பாதிப் பேர் ஒரே கதையைத்தான் கொண்டுவந்தார்கள், அது வேறு விஷயம்.

ஒரு பையன் மட்டும் ஐந்தரைப் பக்கம் எழுதியிருந்தான். கதையில் ஒரு சிறுவன் கிணற்றுச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே அவன் அம்மா விழுந்துவிட்டாள். அவன் கத்தவில்லை, ஓடவில்லை, மேலே வருகிற குமிழிகளை எண்ணுகிறான். 17-இல் நின்றுவிடுகிறது. பிறகு வீட்டுக்குள் போய்க் கொடியில் காய்ந்த அம்மாவின் துணிகளை எடுத்து, ஓரம் பார்த்து மடித்து வைத்துவிட்டு, நோட்டில் 'பதினேழு' என்று எழுதுகிறான். அதற்குப் பிறகும் இரண்டு பத்தி இருக்கிறது, அவன் வளர்ந்து என்ன ஆனான் என்று. ஆனால் எனக்கு மனம் அங்கே போகவில்லை. 'கிணற்று சுவர்' என்று ஒற்று இல்லாமல் எழுதியிருந்தான், அதில் ஒரு 'ச்' போடப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

பையன் சாதாரணமானவன். அதிகம் பேசமாட்டான், ஆனால் ஒதுங்கி இருப்பவனும் இல்லை. அம்மா உயிரோடுதான் இருக்கிறார், போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் பார்த்தேன். ஆசிரியர் அறையில் நோட்டைக் காட்டியதுதான் நான் செய்த தப்பு. ஒருவர் உடனே பெற்றோரைக் கூப்பிட வேண்டும் என்கிறார். இன்னொருவர் செல்போனில் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார், யாரிடம் காட்டினார் என்று தெரியவில்லை. மூன்றாமவர், எழுத்து ஒருவனின் மனதுக்குக் கண்ணாடி, இவனுக்கு அம்மாமேல் வெறுப்பு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்படி எழுதுகிற ஒருவனைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா, பாராட்ட வேண்டுமா?

வெட்டுக்கிளி:

முதலில் செயங்கொண்டாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள் டீச்சர். கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் செத்த யானையின் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்துவிட்டு, பிணங்களைப் போட்டுக் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. பக்கம் பக்கமாகப் போகிறது, அதுவும் சந்தத்தோடு. அரசவையில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். உங்கள் மூன்றாவது ஆசிரியர் அதை எப்படி விளக்குவார்? செயங்கொண்டாருக்கு யானைமேல் வெறுப்பா?

எட்டாம்பெஞ்ச்:

சிரிக்கத்தான் தோன்றுகிறது, ஆனால் அந்தப் பையன் இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. ஒரு கவிதை எழுதினேன், நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இருட்டு, ரத்தம், சாம்பல் என்று அந்த வயதில் வருகிற சரக்கு எல்லாம் அதில் இருந்தது. வகுப்பில் யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் என்னைக் கூப்பிட்டபோது மேசைமேல் கவிதையின் நகல் இருந்தது, ஆபத்தான சொற்கள் எல்லாம் மஞ்சள் பேனாவால் அடிக்கோடிடப்பட்டிருந்தன. 'கத்தி' என்ற சொல்லுக்கு இரண்டு கோடு. நான் எழுதியிருந்தது 'கத்தி அழுதேன்'. அதைச் சொன்னேன். மூன்று பெரியவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. 'சரி, ஏன் அழுதாய்?' என்று கேட்டார்கள்.

அப்பாவை வரவழைத்தார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டு வாரம் வகுப்பில் என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. அதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, அதற்குப் பிறகுதான் இருந்தது. அப்புறம் ஒன்பது வருடம் ஒரு வரிகூட எழுதவில்லை, இப்போது எழுதுவதும் கடவுச்சொல் போட்ட கோப்பில்தான்.

அந்தப் படம் எடுத்துக்கொண்டு போனவரிடம் முதலில் போய்ப் பேசுங்கள் டீச்சர்.

பேய்க்கரும்பு:

பன்னிரண்டு வருடமாகத் திகில் கதை எழுதுகிறேன், வேறு பெயரில். வாசகர்கள் நேரில் பார்த்தால் ஒரு அடி தள்ளி நிற்பார்கள். கைகுலுக்கியதும், இவ்வளவுதானா என்பது போல ஒரு ஏமாற்றம் முகத்தில் தெரியும்.

கொலைக் காட்சி எழுதும் நாளில் என் தலைக்குள் என்ன ஓடும் என்று சொல்கிறேன். அந்தக் கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா. செத்தவன் பெரிய ஆள், அவனை நகர்த்த இவளால் முடியுமா. 'ரத்தம்' என்ற சொல் ஒரே பத்தியில் மூன்று முறை வந்துவிட்டதே, எதை எடுப்பது. இதுதான். மாலை ஐந்து மணிக்கு எழுந்து துணி காயப்போடப் போவேன். பயம் வாசகருக்குத்தான், எழுதுகிறவனுக்கு இருப்பது தச்சு வேலை. அகதா கிறிஸ்டி விஷம் வைத்து இத்தனை பேரைக் கொன்றதற்குக் காரணம் முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் மருந்தகத்தில் வேலை பார்த்ததுதான். எந்த மருந்து எந்த அளவில் விஷமாகும் என்று அவருக்குத் தெரியும், தெரிந்ததை எழுதினார். 66 துப்பறியும் நாவல்கள், 85 வயதுவரை வாழ்ந்தார். ஸ்டீபன் கிங்கும் 2007-இல் ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார், கல்லூரி நாட்களில் தான் எழுதியதை இந்தக் காலத்தில் யாராவது படித்திருந்தால் எச்சரிக்கை மணி அடித்திருப்பார்கள் என்று.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. எனக்கு ஒரு மோசமான வருடம் இருந்தது. எழுந்து பல் துலக்குவதே பெரிய வேலையாக இருந்த வருடம். அந்த வருடம் நான் எழுதியது ஒரு வார இதழுக்கு நகைச்சுவைத் துணுக்குகள். ஆசிரியர், இந்த முறை ரொம்ப உற்சாகமாக வந்திருக்கிறது என்று செய்தி அனுப்பினார்.

தூரத்துமணி:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். நான் மறுபக்கத்திலிருந்து வருகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கல்லூரியில் நாங்கள் ஐந்து பேர், கவிதை எழுதுகிற கூட்டம். அதில் ஒருவன் எழுதியது எல்லாம் சாவைப் பற்றித்தான், ஆனால் அவ்வளவு அழகாக எழுதுவான். ஒவ்வொரு முறையும் நாங்கள் கைதட்டுவோம். 'செம வரிடா' என்போம். நான் ஒருமுறை, இந்தப் படிமம் போன கவிதையிலும் வந்ததே, மாற்று என்றுகூடச் சொன்னேன். திருத்தம் சொன்னேன்! மூன்றாம் ஆண்டில் ஒரு மாதம் அவன் தன் புத்தகங்களை எல்லாம் எங்களுக்குக் கொடுத்தான். எனக்கு வந்தது ஒரு அகராதி. முதல் பக்கத்தில் அவன் பெயர் இருந்த இடத்தை ரப்பரால் தேய்த்துத் தேய்த்து அழித்திருந்தான், தாள் மெலிந்து அந்தப்பக்கத்து எழுத்து தெரியும். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். எவ்வளவு விலை உள்ள புத்தகம், இலவசமாகத் தருகிறானே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த மாதக் கடைசியில் அவன் இல்லை.

கலை வேறு, கலைஞன் வேறு என்று இங்கே யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவன் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். நாங்கள் கவிதை என்று நினைத்துக் கேட்டோம். தப்பாகப் பயந்து ஒரு பையனின் பையைக் கொட்டுவது அவமானம்தான், எட்டாம்பெஞ்ச், உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் உங்களால் இன்று அதை இங்கே எழுத முடிகிறது.

எட்டாம்பெஞ்ச்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னியுங்கள்.

வார்டு7:

தூரத்துமணி, முதலில் உங்களுக்கு. இருபது வயதில் அதைக் கண்டுபிடிக்க யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நான் மனநலப் பிரிவில் செவிலியாக 14 வருடம் வேலை பார்க்கிறேன். பயிற்சி பெற்றவர்களே தவறவிடுகிற விஷயம் இது.

ஆனால் நீங்கள் எழுதியதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மூன்று வருடம் அவர் சாவைப் பற்றி எழுதினார். அந்த ஒரு மாதத்தில் புதிதாக நடந்தது கவிதை இல்லை, அகராதி. பிடித்த பொருட்களைக் கொடுத்துவிடுவது, விடைபெறுவது போலப் பேசுவது, தூக்கம் தலைகீழாக மாறுவது, நெடுநாள் வாடியிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிடுவது, இதையெல்லாம்தான் எங்களைக் கவனிக்கச் சொல்வார்கள். எழுத்தும் அந்தப் பட்டியலில் உண்டு, தனியாக இல்லை, மற்றவற்றோடு சேர்த்து.

வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்கள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. எழுதச் சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தினமும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர், வந்த புதிதில் தேதியை மட்டும் எழுதுவார், எழுத்து வரவரச் சின்னதாகிக்கொண்டே போகும். இரண்டு மாதம் கழித்து, மருத்துவமனைச் சாப்பாட்டைத் திட்டி அரைப் பக்கம் எழுதினார். நாங்கள் அறைக்கு வெளியே வந்து சந்தோஷப்பட்டோம்.

ஐந்தரைப் பக்கம், குமிழி எண்ணிக்கையோடு, துணி மடிக்கிற விவரத்தோடு, முன்பின் முரண் இல்லாமல் ஒரு கதை. அதை எழுதக் கவனம் வேண்டும், தெம்பு வேண்டும். அதனால் அவனுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. கதையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்கிறேன்.

டீச்சர், கேட்கப் பயப்படாதீர்கள். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி நடப்பதில்லை. பெரும்பாலானவர்கள் கேட்டதற்கு நிம்மதிதான் அடைகிறார்கள். ஆனால் விசாரணை மாதிரி மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து கேட்காதீர்கள்.

நேர்க்கோடு:

எல்லாம் சரி. ஆனால் அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச்சூடு? 2007 ஏப்ரல் 16, 32 பேர் செத்தார்கள். சுட்ட மாணவன் எழுதிய நாடகங்களைப் படித்து ஆசிரியர்கள் முன்பே பயந்திருந்தார்கள். அவர்கள் பயம் சரியாகத்தானே போனது? எழுத்து எதையும் காட்டாது என்றால் அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? போலந்தில் கிறிஸ்டியான் பாலா என்று ஒருவர், தான் செய்த கொலையை நாவலாகவே எழுதினார். அப்படியும் இருக்கிறார்கள்.

வெட்டுக்கிளி:

நல்ல உதாரணங்கள், ஆனால் இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

வர்ஜீனியா டெக்கில் கவிதை வகுப்பு எடுத்த கவிஞர் நிக்கி ஜியோவானி அந்த மாணவனைத் தன் வகுப்பிலிருந்து எடுக்கச் சொன்னது 2005-இல், சம்பவத்துக்கு ஒன்றரை வருடம் முன்பு. வெறும் எழுத்துக்காக இல்லை. அவன் மேசைக்கு அடியில் செல்போனைப் பிடித்து மாணவிகளைப் படம் எடுத்தான், அவனுக்குப் பயந்து மற்றவர்கள் வகுப்புக்கு வருவதையே நிறுத்தினார்கள். துறைத்தலைவர் லூசிண்டா ராய் அவனைத் தனியாக உட்காரவைத்துத் தானே பாடம் எடுத்தார், பல இடங்களில் முறையிட்டார். அதே டிசம்பரில் நீதிமன்ற உத்தரவே வந்தது, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற வேண்டும் என்று. அதை யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அடுத்த அடி எடுத்துவைக்கத்தான் ஆள் இல்லை. நாடகத்தைப் படிக்காமலேயே அவனைப் பற்றிப் பயந்திருக்கலாம்.

பாலா கதை இன்னும் சுவாரசியம். கொலை நடந்தது 2000-இல், நாவல் வந்தது 2003-இல், 25 வருடத் தண்டனை கிடைத்தது 2007-இல். நாவலைத் துப்பறிவாளர் வரிவரியாகப் படித்தார், உண்மை. ஆனால் ஆளை மாட்டிவிட்டது இறந்தவரின் செல்போன். கொலை நடந்த சில நாட்களில் பாலா அதை இணைய ஏலத்தில் விற்றிருந்தார். சீனாவில் லியூ யோங்பியாவ் என்ற எழுத்தாளர் 1995-இல் ஒரு விடுதியில் நடந்த நான்கு கொலைகளுக்காக 2017-இல் பிடிபட்டார். அவரும் குற்றக் கதை எழுதியவர்தான். பிடித்துக் கொடுத்தது சிகரெட் துண்டில் இருந்த மரபணு. கைது ஆன பிறகு எல்லோரும் பின்னாலிருந்து முன்னால் படிக்கிறார்கள், அப்போது எல்லா வரியும் வாக்குமூலமாகத் தெரியும். கொலை செய்யாத லட்சம் குற்றக் கதைக்காரர்களின் புத்தகங்களை யாரும் அப்படிப் படிப்பதில்லை.

எண் கேட்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்க ரகசியப் பாதுகாப்புத் துறையும் கல்வித்துறையும் சேர்ந்து 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்கள், தாக்கியவர்கள் 41 பேர். அவர்களில் 37 சதவீதம் பேர் தங்கள் கவிதை, கட்டுரை, நாட்குறிப்பு ஏதோ ஒன்றில் வன்முறை பற்றி எழுதியிருந்தார்கள். வன்முறை வீடியோ கேம்களில் ஆர்வம் காட்டியவர்கள் 12 சதவீதம்தான்.

நேர்க்கோடு:

நீங்களே சொல்லிவிட்டீர்களே! 37 சதவீதம் சின்ன எண்ணா?

வெட்டுக்கிளி:

சின்ன எண் இல்லை, தலைகீழான எண். தாக்கியவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பது அது. டீச்சருக்கு வேண்டியது எழுதியவர்களில் எத்தனை பேர் தாக்குகிறார்கள் என்பது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பத்தாயிரம் மாணவர்களில் ஒருவன் ஆபத்தானவன், ஆயிரம் பேர் ரத்தக் கதை எழுதுகிறார்கள். ஆயிரம் பேரையும் பிடித்தாலும் அவன் அதில் இருப்பானா என்பது பூவா தலையாவைவிட மோசம், அதற்குள் 999 எட்டாம்பெஞ்சுகளை உருவாக்கியிருப்பீர்கள். அதே அறிக்கையில் உருப்படியான எண் வேறு இருக்கிறது. 81 சதவீதச் சம்பவங்களில் தாக்கப்போவது பற்றி வேறு ஒருவருக்காவது முன்பே தெரியும். பெரும்பாலும் நண்பன், வகுப்புத் தோழன். கதை வழியாக இல்லை, வாய்விட்டுச் சொல்லித் தெரியும்.

ஈரவிறகு:

எழுத்தாளர்களுக்கு மனநோய் அதிகம் என்று ஸ்வீடனில் ஆராய்ச்சி வந்ததே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

வார்டு7:

2013-இல் வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்துச் செய்தது, லேசாகத் தள்ளிவிட முடியாது. கலைத் துறைகளில் இருப்பவர்களுக்குப் பொதுவாக மனநோய் அதிகம் இல்லை, உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற இருதுருவக் கோளாறு மட்டும் விலக்கு என்பது ஒரு முடிவு. எழுத்தாளர்கள் மட்டும் தனி, அவர்களுக்குப் பல கோளாறுகளும் தற்கொலையும் கூடுதல் என்பது இன்னொன்று. ஆனால் அது தொழிலை வைத்து எடுத்த கணக்கு. இருட்டாக எழுதுகிறவரா, குழந்தைப் பாட்டு எழுதுகிறவரா என்று யாரும் பிரிக்கவில்லை.

உள்ளடக்கத்தைப் பார்த்த ஆய்வு என்றால் 2001-இல் ஸ்டெர்மன், பென்னிபேக்கர் இருவரும் செய்ததைச் சொல்லலாம். தற்கொலை செய்துகொண்ட ஒன்பது கவிஞர்கள், அப்படி இறக்காத ஒன்பது கவிஞர்கள், மொத்தம் சுமார் 300 கவிதைகள், கணினியில் போட்டுச் சொற்களை எண்ணினார்கள். பளிச்சென்று வேறுபட்டது 'நான்', 'என்' போன்ற சொற்கள். இறந்தவர்களிடம் அவை கூடுதல், 'நாம்', 'நம்' குறைவு. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூட இருக்கிறவர்கள் வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறார்கள். ஆனால் பதினெட்டுப் பேரின் சராசரி அது. ஒரு பையனின் ஒரு கதையில் 'நான்' எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

அதே பென்னிபேக்கர் 1986-இல் மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம், வாழ்க்கையில் நடந்த மோசமான விஷயத்தை எழுதவைத்தார். எழுதிய உடனே அவர்கள் வாடித்தான் போனார்கள். அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் போனது குறைந்தது. அதனால் எழுதுவதைத் தடுப்பதில் மட்டும் எனக்குச் சம்மதமே இல்லை.

தோழிகூற்று:

நம்மிடம் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது, யாரும் தொடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கப் பாட்டில் கூற்று என்று ஒன்று உண்டு. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. எழுதியவர் தாடி வைத்த புலவராக இருப்பார், பாட்டில் பேசுவது காதலன் வராமல் தூக்கம் இழந்த பெண்ணாக இருப்பாள். இவருக்குத் தூக்கமின்மையா என்று எந்த உரையாசிரியரும் கேட்டதில்லை. பேசுகிறவர் வேறு, எழுதுகிறவர் வேறு என்பதைப் பாட்டின் அடியிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். டீச்சரின் பையன் எழுதியது 'சிறுவன் கூற்று'. அவ்வளவுதான்.

ஆனால் தொல்காப்பியத்தில் இன்னொரு விதி இருக்கிறது. அகத்திணையில் 'சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்'. இன்னார் என்று ஒருவரைச் சுட்டிப் பெயர் சொன்னால் அது அகம் இல்லை. இலக்கணத்துக்காகச் சொன்னது, ஆனால் இந்த இழைக்கு அப்படியே பொருந்துகிறது. 'ஒரு அம்மா' என்று எழுதினால் கதை. பக்கத்து பெஞ்சில் இருக்கிற ஒருத்தியின் பெயர், அவள் வீட்டுக்குப் போகிற வழி, கிழமை, நேரம் என்று வந்தால் அது கதை என்ற வேலியைத் தாண்டிவிட்டது. அப்போது நான் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கமாட்டேன்.

கலிபோர்னியாவில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் 2001-இல் ஒரு கவிதையை வகுப்புப் பெண்ணிடம் கொடுத்தான், இங்கே கவிதை மன்றம் உண்டா என்று கேட்டுக்கொண்டே. கவிதையில் பேசுகிறவன், பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரப்போகிற அடுத்த ஆள் நானாக இருக்கலாம் என்கிறான். பையனைச் சுமார் நூறு நாள் சிறார் காவலில் வைத்தார்கள். 2004-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது. அந்தக் கவிதையில் யார் பெயரும் இல்லை, 'இருக்கலாம்' என்பதும் 'செய்வேன்' என்பதும் ஒன்றில்லை என்று. 'அலாம்' விகுதிக்கு ஒரு பையனின் நூறு நாள்.

தூரத்துமணி:

என் நண்பன் யார் பெயரையும் எழுதியதில்லை. தன் பெயரைத்தான் அழித்தான். உங்கள் விதியில் அவன் மாட்டமாட்டான்.

தோழிகூற்று:

மாட்டமாட்டார். உண்மை. பிறருக்கு வரும் ஆபத்துக்கு என் விதி பயன்படும், தனக்கே செய்துகொள்கிறவருக்குப் பயன்படாது. அங்கே வார்டு7 சொன்னதுதான், ஆளைப் பார்க்க வேண்டும்.

பேய்க்கரும்பு:

எனக்கு ஒரு நடைமுறை யோசனை தோன்றுகிறது. டீச்சர் பையனிடம் இரண்டு பேச்சு பேசட்டும், ஒன்றோடொன்று கலக்காமல். ஒன்று கதையைப் பற்றி, ஒரு எழுத்தாளனிடம் பேசுவது போல. இன்னொன்று அவனைப் பற்றி, கதையை வெளியே வைத்துவிட்டு. கலந்தால் அவன் அடுத்த கதையை உங்களுக்காக எழுதுவான், உங்களைப் பயமுறுத்தாத மாதிரி. அது பொய்க் கதையாக இருக்கும், அதிலிருந்து உங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

சிவப்புமை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

படம் எடுத்த சக ஆசிரியரிடம் போனேன். நான்கு பேருக்குக் காட்டியிருக்கிறார். அவர் எடுத்தது முதல் நான்கு பக்கம்தான், மிச்சத்தை எடுக்கவே இல்லை. முடிவைப் படிக்காமலேயே நான்கு பேர் முடிவு செய்திருக்கிறார்கள். அழிக்கச் சொன்னேன், என் கண்முன்னால் அழித்தார். கொஞ்சம் முகம் சுளித்தார், பரவாயில்லை.

பையனை மதிய இடைவேளையில் நூலகத்தில் பார்த்தேன், எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் 17 என்று கேட்டேன். 'பத்து, இருபது என்றால் யாரோ இட்ட எண் மாதிரி இருக்கும் டீச்சர். 17 என்றால்தான் எண்ணியது மாதிரி இருக்கும்' என்றான். துணி மடிப்பது? அவனுக்குக் கைகால் ஓடாதபோது அவன் அம்மா அதைத்தான் செய்யச் சொல்வாராம், எதையாவது மடி என்று. அவனுக்கே அது கதைக்குள் எப்படி வந்தது என்று தெரியவில்லை, நான் கேட்ட பிறகு யோசித்தான்.

அப்புறம் நோட்டை மூடிவைத்துவிட்டு, நீ எப்படி இருக்கிறாய், தூங்குகிறாயா என்று கேட்டேன். இரண்டு மணிக்கு மேல்தான் தூக்கம் என்றான். எழுதுவதாலா, தூக்கம் வராததால் எழுதுகிறாயா என்றேன். தோளைக் குலுக்கினான். வார்டு7 சொன்னபடி நேராகவே கேட்டேன், செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று. கேட்கும்போது என் குரல்தான் நடுங்கியது. இல்லை என்றான், ஆனால் உடனே சொல்லவில்லை, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். யோசித்துச் சொன்னதால்தான் நம்பினேனா, யோசித்தான் என்பதால் இன்னும் பயப்படுகிறேனா, தெரியவில்லை. வாரம் ஒருமுறை அதே இடத்தில் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். தூக்கத்தைப் பற்றி அவன் அம்மாவிடம் பேசவா என்று அவனிடமே கேட்டேன், கதையைக் காட்டாமல் இருந்தால் சரி என்றான்.

வார்டு7:

நன்றாகச் செய்தீர்கள். அந்த யோசித்த நொடியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள், அதே கேள்வியாக இருந்தாலும். தூக்கம் இப்படியே போனால் ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

தூரத்துமணி:

பக்கத்தில் உட்கார்ந்தீர்கள் பாருங்கள். நன்றி டீச்சர்.

வெட்டுக்கிளி:

கதை எப்படி இருக்கிறது என்று சொன்னீர்களா?

சிவப்புமை:

எழுந்து போகும்போது அவனே கேட்டான். 'கதையை நிறைய பேர் படித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் யாரும் சொல்லவில்லையே' என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நன்றாக இருக்கிறது, ஆனால் 'பதினேழு' என்று எழுதுகிற இடத்திலேயே முடித்திருக்க வேண்டும், கடைசி இரண்டு பத்தி இழுக்கிறது என்றேன். அந்தப் பத்திகளில் அந்தச் சிறுவன் பெரியவனாகி நீச்சல் கற்றுக்கொள்கிறான், ஒவ்வொரு முறை தண்ணீருக்குள் போகும்போதும் தன் குமிழிகளை எண்ணுகிறான், 17 வந்ததும் மேலே வருகிறான்.

பையன் ஒத்துக்கொள்ளவில்லை. 'அதை எடுத்துவிட்டால் அவனை எல்லோரும் கெட்டவன் என்று நினைத்துவிடுவார்கள் டீச்சர்' என்றான்.

நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். மறுபடி படிக்க வேண்டும். இந்த முறை சிவப்புப் பேனா இல்லாமல்.

பேய்க்கரும்பு:

நான் பையன் பக்கம்.